முதல் செலவு எது?

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்ட வந்த இளைஞர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டர்போ, சைலன்சர், குதிரைத்திறன் என்று ஓடியதே தவிர, பிரேக் ஆயில் என்ற பேச்சே எழவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்கும். ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிக்கே இறங்கிவிடக்கூடும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தி மிதிக்க, சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். குமிழி அமுங்குமே ஒழிய அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தாது. பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. தம்பிகளே, குதிரைத்திறன் பிறகு வரட்டும். தடத்தில் இறங்குமுன் பழைய ஆயிலை முழுக்க வடித்துப் புதியதை ஊற்றுங்கள்.