ஒரு மோடம், ஆறு நாற்காலி

பழைய பிரவுசிங் சென்டர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை: "ஒரே ஒரு மோடத்தை வச்சுக்கிட்டு ஆறு பேர்கிட்ட காசு வாங்கினாங்கப்பா, பகல் கொள்ளை!" அம்பத்தூர் ஓ.டி., ஆவடி, பூந்தமல்லி என்று மாடிப்படிக்கு மேலே கடை போட்டிருந்த அத்தனை பேருக்கும் இந்தத் திருட்டுப் பட்டம்தான். அபத்தம். கொள்ளை நடந்திருந்தால் அது கம்பியின் அந்த முனையில்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. ஆரம்ப ஊர்களில் சென்னையும் உண்டு. படத்தோடு இணையம் பார்க்கும் டிசிபி/ஐபி கணக்குக்கு 15,000 ரூபாய், 250 மணி நேரம். மாணவர்களுக்கு 500 ரூபாயில் ஷெல் கணக்கு, அதாவது கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. வீட்டுப் போன் கம்பி அதேதான், மோடம் அதேதான், அழைப்புக் கட்டணமும் அதேதான். 500 ரூபாய்க்காரன் படம் பார்க்கக் கூடாது என்பது தொழில்நுட்பம் போட்ட தடை இல்லை ஐயா, விலைப்பட்டியல் போட்ட தடை.

15,000-ஐ 250-ஆல் வகுத்தால் மணிக்கு 60 ரூபாய். போன் பில் தனி. ஒருவர் தனியாக உட்கார்ந்தால் 60, ஆறு பேர் சேர்ந்தால் தலைக்கு 10. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களை அனுமதித்த பிறகு கட்டணம் மளமளவென்று இறங்கியது நிஜம்தான். ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் தனி மோடம் என்றால் தனிப் போன் லைன், தனி பில். அம்பத்தூரில் கடை நடத்தியவர் எங்கே போவார்?

நிற்க. டயல்-அப் சர்வர் என்பது என்ன? வரிசையாக மோடங்கள். கூப்பிடுகிறவருக்கு அதில் ஒன்று, அவர் லைனை வெட்டும்வரை அது அவருக்கே. வாடிக்கையாளர் எத்தனை பேரோ அத்தனை மோடங்களை எந்த நிறுவனமும் வாங்கி வைத்ததில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் அந்த வியாபாரமே. வந்துவிட்டால்? பிஸி டோன். ஆக, மோடத்தைப் பங்கு போட்டது முதலில் அவர்கள்! அவர்கள் செய்தால் பொறியியல், மாடிக் கடைக்காரர் செய்தால் திருட்டா? ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. கடையில் பங்கு போட்டால் பக்கம் மெதுவாக வரும். அங்கே பங்கு போட்டால் உள்ளேயே நுழைய முடியாது.

கடைக்காரர் செய்ததில் கணக்கும் இருந்தது. 56 கே மோடம் முழுவேகத்தில் ஓடினால் (எங்கேயுமே ஓடியதில்லை, அது வேறு கதை) நொடிக்கு 7 கிலோபைட். ஆறு பேரும் ஒரே நொடியில் கேட்டால்தான் ஆளுக்கு ஒன்று சொச்சம். ஆனால் ஒரு மின்னஞ்சலைத் திறந்தவர் அதைப் படிக்கிறார், யோசிக்கிறார், ஒற்றை விரலால் பதில் தட்டுகிறார். அதுவரை லைன் சும்மா கிடக்கிறது, மீட்டர் மட்டும் ஓடுகிறது. அந்தச் சும்மா கிடக்கும் நேரத்தை அடுத்த நாற்காலிக்குக் கொடுப்பது கொள்ளை என்றால் ஷேர் ஆட்டோவும் கொள்ளைதான். விங்கேட் மாதிரி மென்பொருள்கள் இதற்காகவே வந்தன. 1999-ல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் மைக்ரோசாப்டே இந்த வசதியை உள்ளே வைத்துக் கொடுத்தது. பேராசையில் பத்துப் பன்னிரண்டு கணினிகளைச் சொருகிய கடைக்காரர்களுக்கு இங்கே வக்காலத்து இல்லை. மூலையில் உட்கார்ந்து எம்பி3 இறக்கி மற்ற ஐந்து பேரையும் சாகடித்த புண்ணியவான்களுக்கும்தான்.

இன்னொரு மேட்டர். ஷெல் கணக்கின் தடையைத் தாண்டுவதற்கென்றே 1990-களின் நடுவில் ஸ்லிர்ப் என்று ஒரு நிரல் வந்தது. எழுத்து மட்டும் தரும் கணக்கின் மேலேயே முழு இணையத்தை ஓட்டிக் காட்டியது. வி.எஸ்.என்.எல். 2002-ல் டாடாவிடம் போய், 2008-ல் பெயரும் மாறிப் போனது. ஸ்லிர்ப் போகவில்லை. கியூஎம்யூ என்ற மெய்நிகர்க் கணினி மென்பொருளுக்குள் அது இன்னமும் உயிரோடு இருக்கிறது. கல்லூரி லேபில் அதில் லினக்ஸ் ஏற்றியவர்கள் முகவரியைப் பார்த்திருப்பார்கள்: 10.0.2.15. அதற்கு இணையம் கிடைப்பது அந்தப் பழைய ஷெல் கணக்கு வித்தையில்தான்.