செப்பும் செயலியும்

செப்பு என்னுஞ் சொல் தமிழில் ஓர் உலோகத்தையுங் குறிக்கும்; விடை கூறுதலையுங் குறிக்கும். கணினியின் மூளை எனப்படுஞ் செயலியினுள்ளே செப்புக் கம்பிகள் உளவோ என மாணவர் வினவுவராயின், ஆசிரியர் கூறத்தக்க செப்பு 'உள' என்பதே. ஆயின் அவ்வொரு சொல்லோடு அமைந்துவிடின் வினாவியவர்க்குப் பயன் சிறிது. அச்செப்பு ஆண்டுப் புகுந்தது எங்ஙனம், அதன் அளவு யாது, அதனால் நம் நாடுகளுக்கு விளைவது யாது என்பனவும் ஆராயத்தக்கன.

செயலியென்பது சிலிக்கன் தகட்டில் அமைந்த கோடிக்கணக்கான திரான்சிற்றர்களின் தொகுதி. அவை தனித்தனி நிற்பிற் பயனில்லை. ஒன்றோடொன்றை இணைக்கும் நுண்கம்பிகள் வேண்டும். இக்கம்பிகள் மாடிமேல் மாடியாகப் பத்து அடுக்கிற்கு மேலும் அமைவதுண்டு. நெடுங்காலம் இவற்றுக்கு அலுமினியமே பயன்பட்டது. திரான்சிற்றர்கள் சிறுகச் சிறுகக் கம்பிகளும் மெலிந்தன. மெலியவே மின்றடை மிகுந்தது. செய்தி செல்லுதல் தாழ்த்தது. செப்பின் தடைத்திறனோ அலுமினியத்தினதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ஆதலின் 1997 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் செப்புக்கம்பி முறையை அறிவித்தது. 1998இல் அம்முறையால் ஆக்கப்பட்ட செயலிகள் வெளிவந்தன. 2001இல் இன்டெல் நிறுவனமும் அவ்வழிச் சென்றது.

இத்துணை நல்ல உலோகத்தை முன்னரே கொள்ளாதது ஏன்? இடர்கள் இரண்டிருந்தன. செப்பணுக்கள் சிலிக்கனுட் பரவித் திரான்சிற்றரைக் கெடுக்கும் என்பது ஒன்று. அலுமினியத்தைப்போலப் பரப்பி, வேண்டாத பகுதியை வாயுவால் அரித்து நீக்கல் இயலாது என்பது மற்றொன்று. முன்னதற்குத் தந்தாலப் படலம் அரணாயிற்று. பின்னதற்கு முறையையே தலைகீழாக்கினர். காப்புப் படையிலே முதலிற் பள்ளம் அகழ்ந்து, அரண் பூசி, மின்முலாமிடலாற் செப்பை நிரப்பி, மிகையானதைத் தேய்த்துச் சமமாக்கினர். உலோகத்தில் உலோகம் பதிக்குந் தொழிலாற் புகழ்பெற்ற தமஸ்கு நகரின் பெயரையே இம்முறைக்கு இட்டனர்.

பல்லேகலவுக்கு அண்மையில், நத்தரம்பொத்தக் கலாபுரக் கிராமத்துக் கம்மியர்க்கு இக்கருத்து அயலானதன்று. பித்தளையிற் செம்பும் வெள்ளியும் பதிக்குங் கண்டிக் கைவினை இவ்வினத்ததே. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில், இந்நாட்டு உலோகத் தொழில்களை ஆராய்ந்து வைத்தார். ஈண்டு உளி அகழ்வதை ஆண்டு ஒளியும் வாயுவும் அகழ்கின்றன. நுண்மை வேறாயினும் நெறி ஒன்றே.

செப்பின் ஆட்சிக்கும் எல்லையுண்டு. கம்பி சில பத்து நனோமீற்றர் அளவிற்கு மெலியுமிடத்து, இலத்திரன்கள் அதன் சுவர்களில் மோதிச் சிதறுதலின் தடை மீண்டும் மிகும். அரண் படலமும் இடத்தைப் பறித்துக்கொள்ளும். இதனாலேயே இன்டெல் நிறுவனம் 2017இல் தன் 10 நனோமீற்றர் முறையின் அடியடுக்குகள் இரண்டிற் கோபாற்றைக் கொண்டதாக அறிவித்தது. மேலடுக்குகளிற் செப்பே நின்றது.

நிற்க. 2024 பெப்ரவரி 29ஆம் நாள் இந்தியாவில் இரு முடிவுகள் பிறந்தன. குஜராத்தின் தோலேராவில் டாட்டா நிறுவனம் 91,000 கோடி ரூபாய்ச் செலவிற் சில்லு ஆலை அமைக்க மத்திய அமைச்சரவை இசைந்தது. தூத்துக்குடிச் செப்பாலையை மீளத் திறக்க வேதாந்தா நிறுவனம் கோரிய முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளியது. அவ்வாலை, 2018 மே மாதத்தில் மக்கள் போராட்டத்தின்மீது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டிற் 13 உயிர்கள் மாய்ந்தபின் மூடப்பட்டது. சில்லுக்குச் செப்பு வேண்டும். ஆதலின் சில்லாலை வேண்டுமெனிற் செப்பாலையும் வேண்டுமென்று இவ்விரண்டையும் முடிச்சிடுதல் எளிது. கணக்கிட்டுப் பார்ப்போம்.

300 மில்லிமீற்றர் விட்டமுள்ள தகட்டில் ஒரு மைக்கிரோமீற்றர் தடிப்பிற் செப்பைப் பூசின், அதன் நிறை ஏறத்தாழ 0.63 கிராம். எல்லா அடுக்குகளுஞ் சேர்ந்து 10 மைக்கிரோமீற்றர் எனக் கொள்ளினும் 6.3 கிராமே. தோலேராவிற்குத் திட்டமிட்ட அளவு மாதம் 50,000 தகடுகள்; அவற்றுக்குச் செல்வது மாதம் 315 கிலோகிராம், ஆண்டிற்கு நான்கு தொன்னிலுங் குறைவு. தூத்துக்குடி ஆலையின் ஆற்றலோ ஆண்டிற்கு நான்கு இலட்சந் தொன். மலைக்கும் மடுவுக்குமுள்ள இடைவெளி இதனினுஞ் சிறிது! மின்கம்பி, மின்னோடி முதலியவற்றுக்குச் செப்புத் தேவையென்பதும், 2018-19 முதல் இந்தியா நிகர இறக்குமதி நாடாயிற்றென்பதும் உண்மையே. அவ்வாலையைப் பற்றிய வழக்கை அத்தேவையையும், அவ்வூர் மக்களின் நீரையுங் காற்றையும் உயிரையும் எதிரெதிர் வைத்தே தீர்த்தல் வேண்டும். சில்லைச் சாட்சிக்கு அழைத்தல் முறையன்று.

இதே கணக்கு நம் நாட்டிற்கும் பொருந்தும். திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவிற் செப்புத் தாது உண்டென்பது 1971இல் அறியப்பட்டது. நிலத்தில் தாதுண்டு, மணலிற் சிலிக்கன் உண்டு, ஆதலிற் சில்லும் இங்கு விளையும் என்பார் உளராயின், அவர்க்கு நான்கு தொன்னே விடை. அருமை மண்ணிலன்று; அம்மண்ணைத் தூய்மையாக்கி, மயிரினும் ஆயிரமடங்கு நுண்ணிய பள்ளத்தில் இடைவெளியின்றி நிரப்பும் வினைத்திறத்திலே உளது.

அவ்வினைத்திறத்திற்கு வித்து நம்மிடமில்லையெனல் பொருந்தாது. ஆயினும் கைவினையை ஓர் அறையிலும் இரசாயனத்தை மற்றோர் அறையிலும் பூட்டி வைத்துக் கற்பிக்கின்றோம். கலாபுரத்துப் பித்தளைத் தட்டொன்றை விஞ்ஞான கூடத்து மேசைமேல் வைத்து, மின்முலாமிடலை அதன் அருகே செய்து காட்டும் ஆசிரியர், கண்டி மாணவனுக்குச் செயலியின் கதவையே திறந்து காட்டியவராவர். அதற்குப் பெருஞ்செலவு வேண்டா. ஒரு தட்டும், சிறிது துத்தக் கரைசலும், ஒரு மின்கலமும் போதும்.