முக்கால் அங்குலத்தின் கணக்கு

வீட்டின் பின்புறத்தில் மரத்தாலான திறந்த தளம் ஒன்று அமைக்கும் ஆசை எங்கள் மாத்தளைப் பக்கத்திலும் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'டெக்' என்கிறார்கள். அது குறித்து என்னிடம் பேசுவோர் யாவரும் "எந்த மரம் நல்லது?" என்றே கேட்கின்றனர். பலகையின் தடிப்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததற்கான விலையையும் கொடுத்துவிட்டேன்.

என் தந்தையார் நட்ட பலாமரம் வீட்டுக் கூரையின்மேல் சாயத் தொடங்கியதால் அதனை வெட்ட நேர்ந்தது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டலாகாது என்கிறது 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். உணவு தரும் மரங்களைக் காக்க வந்த நல்ல சட்டம் அது. அனுமதி பெற்று, மரத்தை வெட்டி, மரக்காலைக்குக் கொண்டு சென்றேன். அரிபவர் தடிப்பைக் கேட்டபோது, "ஓர் அங்குலம் போதும், பலகை கூடுதலாகக் கிடைக்கட்டும்" என்றேன். சிக்கனம் என்று எண்ணிக்கொண்டேன்.

மரக்காலையில் ஓர் அங்குலம் என்பது அரிந்த அளவு. இருபக்கமும் சீவுளி ஓடியபின் கையில் நிற்பது முக்கால் அங்குலமே. ஒன்றேகால் அங்குலமாக அரிந்திருந்தால் சீவியபின் ஓர் அங்குலம் நின்றிருக்கும். பன்னிரண்டடிக்குப் பத்தடித் தளத்துக்கு முதலாவது வகையில் 10 கன அடி மரம் வேண்டும். இரண்டாவது வகையில் 12½ கன அடி. மரம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் பலகையின் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுவது. முக்கால் அங்குலப் பலகையைவிட ஓர் அங்குலப் பலகை ஏறத்தாழ 2.4 மடங்கு வளையாது நிற்கும். இத்தனை இலாபமான பேரத்தைத் தட்டிக்கழித்தவன் நான்.

போதாக்குறைக்குத் தாங்கு சட்டங்களையும் இரண்டடிக்கு ஒன்றாக வைத்தோம். பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக வைத்திருந்தால் நடுவில் மிதிக்கும்போது உண்டாகும் தொய்வு மூன்றில் ஒரு பங்கிலும் குறைந்திருக்கும். மெல்லிய பலகையை வாங்கியே தீரவேண்டியவர்கள் சட்டங்களையாவது நெருக்கி வைக்கட்டும்.

எங்கள் மாவட்டத்தின் காலநிலையோ பலகைக்கு இரக்கம் காட்டுவதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று கார்த்திகை, மார்கழியில் நனைத்து ஊதவைக்கும். ஆடி, ஆவணியில் வெயிலும் காற்றும் உலர்த்திச் சுருக்கும். நக்கிள்ஸ் மலைச்சாரலின் ஈரமும் தம்புள்ளையின் வறட்சியும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. மேற்பரப்பு காய்ந்து அடிப்பரப்பு ஈரமாயிருக்கையில் மெல்லிய அகலப் பலகை ஓடுபோல வளையும். ஆறங்குல அகலத்தில் முக்கால் அங்குலப் பலகை இட்ட எனக்கு இரண்டாம் மாரியிலேயே அது தெரிந்தது. நாலங்குல அகலம் எடுத்திருக்க வேண்டும். பலகைகளுக்கு இடையே நீர் வடிய இடைவெளியும் விட்டிருக்க வேண்டும். வைரம் எது, வெளிறு எது என்று பிரித்தும் பார்க்கவில்லை. வெளிறு இருந்த ஓரங்களைக் கறையான் தானே பிரித்துக் காட்டியது!

அப்படியானால் இரண்டங்குலம் இடலாமே என்பர் சிலர். வேண்டாம். அது வீண். தடித்த பலகை உள்வரை உலர நெடுங்காலம் எடுக்கும்; பாரமும் செலவும் ஏறும்; விறைப்போ வீட்டுத் தளமொன்றின் தேவைக்கு மேற்பட்டது. தேக்கானாலும் பாலையானாலும் முதிரையானாலும், சீவியபின் ஓர் அங்குலம் என்பதே என் கருத்து. மழை படாத விறாந்தைக்கு முக்கால் அங்குலம் தாராளம். விலை பேசும்போது "சீவிய பின் எவ்வளவு?" என்று கேளுங்கள். பற்றுச்சீட்டிலும் அதனையே எழுதுவியுங்கள்.

"மரத்தை மிச்சப்படுத்தினேன்" என்று மெல்லிய பலகை வாங்குவோர் சொல்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. சில ஆண்டுகளில் கழற்றி எறிந்து மறுபடி பலகை தேடும்போது வெட்டப்படுவது இன்னொரு மரம். பலாவில் வைரம் ஏறப் பல பத்தாண்டுகள் செல்லும். என் தந்தையார் நட்டதை நான் வெட்டினேன். நான் இன்று நடுவதன் பலகையில் நான் நடக்கப் போவதில்லை.

நல்லவேளை, அடிமரத்தின் துண்டொன்று அரியாமல் கொட்டகையில் கிடக்கிறது. அதனை ஒன்றேகால் அங்குலமாக அரியச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டடித் தளம் ஆறடியாகச் சுருங்கும். இரண்டு நாற்காலிகள் போடலாம்.