பெட்டி பழசாக இருந்தால் போதுமா?

பழைய கார் பிரியர்களிடம் ஒரு மூன்றெழுத்து மந்திரம் உண்டு: என்.ஓ.எஸ். அதாவது 'நியூ ஓல்ட் ஸ்டாக்'. அந்தக் காலத்திலேயே தயாராகி, விற்காமல், எந்த வண்டியிலும் மாட்டப்படாமல் கடை அலமாரியில் தங்கிப்போன உதிரிபாகம். இந்த மூன்றெழுத்தைச் சொன்னாலே விலை எகிறும். அதனால்தான் கண்டதற்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டுகிறார்கள்!

அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்காளம் உத்தரபாராவில் அதன் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றுபோனது. இப்போது அதற்கு 'என்.ஓ.எஸ்.' என்று விற்பவற்றில் என்னவெல்லாம் கலக்கின்றன?

1. கழற்றிய சாமான். மண்ணெண்ணெயில் கழுவி பெயின்ட் அடித்துவிட்டால் புதுசாகிவிடுமா? ஒரு தடவை மாட்டினாலே அது செகண்ட் ஹேண்ட். புதுப்பேட்டையில் 'பழைய சாமான்தான் சார்' என்று சொல்லி விற்பவர் இவர்களைவிட எவ்வளவோ மேல்.

2. சமீபத்தில் ஏதோ பட்டறையில் கடைந்தது. தரமாகக்கூட இருக்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்குப் பெயர் ரீபுரொடக்‌ஷன். பழுப்பேறிய அட்டைப்பெட்டியில் போட்டால் வயது கூடிவிடாது.

3. வேறு மாடலுக்கானது. மார்க் 4 கிரில் அசலாகவே இருக்கட்டும். மார்க் 1 வண்டிக்காரருக்கு அதனால் என்ன பயன்?

ஆக, கேள்விகள் நான்கே: யார் செய்தது? எப்போது செய்தது? எந்த மாடலுக்கு? எப்போதாவது மாட்டினார்களா? பார்ட் நம்பரும் போல்ட் துளையைச் சுற்றியுள்ள கீறலும் பதில் சொல்லும். பெட்டி சொல்லாது.

இதற்கு நேரெதிரான மூடநம்பிக்கை ஒன்றும் இருக்கிறது: அசல் என்.ஓ.எஸ். என்றால் எல்லாமே உசத்தியாம்! குரோம் பம்பருக்கு, விளக்குக் கண்ணாடிக்குச் சரி. ரப்பருக்கு? பிரேக் ஹோஸும் வீல் சிலிண்டர் ரப்பரும் பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் வருடக்கணக்கில் இறுகி, வெடிப்பு விடும். முப்பது வருட அசல் ஹோஸை மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குவது ரசனை அல்ல, தற்கொலை முயற்சி. அங்கே வேண்டியது இன்றைய தேதியில் செய்த நல்ல புது ரப்பர்.

'பேரில் என்ன இருக்கிறது' என்று கேட்பவர்களுக்கு: 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15. ஒரு பொருளை இன்னதென்று விவரித்து விற்றால், பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்தியாக வேண்டும். பி.காம். மாணவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் அதே பிரிவுதான்.

எனவே வாங்குபவர்கள் ஒன்று செய்யலாம். 'என்.ஓ.எஸ்.' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய் கூசாமல் சொன்னவர் கை எழுதக் கூசினால், காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.