வெயிலும் தூண்டிலும்: பத்து மணிக்குள் கரை சேருவோம்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் காம்பார் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஊரைச் சுற்றிலும் பழைய ஈய லம்பங்கள் விட்டுச் சென்ற குளங்கள் இருக்கின்றன. அப்பாவோ மாமாவோ தூண்டிலைக் கையில் எடுத்தால் பிள்ளைகளும் சம்பானில் ஏறிக்கொள்கிறார்கள். தோமான், ஹாருவான், திலாப்பியா என்று மீன்களின் பெயர்களை அடுக்குகிறார்கள். இதை நான் குறை கூறவில்லை. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, நீரைப் பார்த்தபடி பொறுமையாக உட்காரப் பழகுவதும் ஒரு கல்விதான்.

ஆனால், கொளுத்தும் வெயிலில் படகில் குளிர்ச்சியாக இருப்பது எப்படி என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தொப்பியையும் பனிக்கட்டிப் பெட்டியையும் பற்றியே பேசுகிறார்கள். என் கருத்து வேறு. பொருளைத் தேடுவதற்கு முன் நேரத்தை மாற்றுங்கள். பிள்ளைகள் இருக்கும் படகு காலை பத்து மணிக்குள் கரை சேர வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காள் மகனை மீன்பிடிக்க அழைத்துச் சென்றேன். அவனுக்கு அப்போது பத்து வயது. கிளம்பும்போதே காலை ஒன்பதைத் தாண்டிவிட்டது. பதினொன்றரை மணியளவில், "மாமா, இந்த அங்கி ரொம்பச் சூடாக இருக்கிறது, கழற்றிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டான். "நான் பக்கத்தில்தானே இருக்கிறேன், கழற்றிக்கொள்" என்று சொல்லிவிட்டேன். மிதவை அங்கியைக் கழற்றிக் காலடியில் போட்டான். சிறிது நேரத்தில் தலை வலிக்கிறது என்றான். பிறகு பேச்சே இல்லை. வாந்தி வருவதுபோல் இருக்க, திடீரென எழுந்து நின்றான். சம்பான் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் சட்டையைப் பற்றி இழுத்து உட்கார வைத்தேன். கரை வந்து சேர்வதற்குள் என் உயிர் என்னிடத்தில் இல்லை. நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைத்து, நீர் கொடுத்த பிறகு தெளிந்தான்.

வெப்பம் அவனை மயக்கியது உண்மை. ஆனால், அவனை நீரின் விளிம்புவரை கொண்டுபோனது வெப்பத்திற்கு நான் கண்ட 'தீர்வு'தான். இதைத்தான் பெற்றோர்கள் மனத்தில் நிறுத்த வேண்டும். வெயில் தாங்காமல் பிள்ளை முதலில் கழற்றுவது மிதவை அங்கியை. அடுத்து, "கொஞ்ச நேரம் தண்ணீரில் இறங்கட்டுமா?" என்று கேட்கும். லம்பக் குளங்கள் ஆற்றைப்போல் மெல்ல மெல்ல ஆழமாவதில்லை. மண்ணைத் தோண்டி எடுத்த குழிகள் அவை; 1985-இல் ஈய விலை சரிந்தபின் பல லம்பங்கள் மூடப்பட, குழிகளில் நீர் நிறைந்தது. கரையிலிருந்து இரண்டடி வைத்தாலே ஆழம் விழுங்கிவிடும் இடங்கள் உண்டு. அடியில் சேறு. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் நீர் ஆழத்தில் குளிர்ந்திருக்கும். அங்கே குளிர்ச்சி தேடுவது ஆபத்து.

சரி, ஏன் பத்து மணி? நம் நாட்டுக் கடிகாரம் 1982-ஆம் ஆண்டு அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் காம்பாரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் பன்னிரண்டுக்கு அல்ல; ஏறக்குறைய 1.15 மணிக்கு. "மூன்று மணிக்குப் போனால் வெயில் தாழ்ந்திருக்கும்" என்று நினைப்பது தவறு. அது சூரியக் கணக்கில் இரண்டு மணிகூட ஆகாத நேரம். ஓர் எளிய அளவுகோல் உண்டு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால், சூரியனின் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். இங்கே காலை 10.15 வாக்கில் நிழல் நம் உயரத்தைவிடக் குறையத் தொடங்கி, மாலை 4.15 வாக்கில்தான் மீண்டும் நம் உயரத்தை எட்டும்.

மாலையில் போகலாமே என்று கேட்பீர்கள். கிந்தா பள்ளத்தாக்கில் மாலை என்றால் இடியும் மழையும் அடிக்கடி வரும். திறந்த நீர்ப்பரப்பில் கரிமநாரால் ஆன தூண்டில் கோலைத் தூக்கிப் பிடித்திருப்பது மின்னலுக்கு அழைப்பு விடுப்பதற்குச் சமம். ஆகவே காலைதான்.

மீனும் இதையே சொல்கிறது. நீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும். மீன்கள் மேற்பரப்பை விட்டு விலகும். நம் முன்னோர்க்கும் இது தெரியாததன்று. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டப் போனவர்கள் அவர்கள். குளிர்ந்த வேளையில் ரப்பர் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் ஒழுகுவது குறையும். மரத்திற்கு ஏற்ற நேரத்தை அறிந்து வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பிள்ளைக்கு ஏற்ற நேரத்தை அறியக் கூடாதா?

பத்து மணிக்குள் திரும்பினாலும் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

1. மிதவை அங்கியைக் கரை ஏறும்வரை கழற்றக் கூடாது. சூடாக இருந்தால், உள்ளே இருக்கும் மெல்லிய பருத்திச் சட்டையை நனைத்து விடுங்கள். ஈரம் உலரும்போது உடல் குளிரும்.

2. நீளக்கைச் சட்டையும், காதும் பிடரியும் மறையும் அகன்ற தொப்பியும் அணிவியுங்கள். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தொப்பி தடுக்காது, சட்டைதான் தடுக்கும்.

3. தாகம் எடுக்குமுன்பே, இருபது நிமிடத்திற்கு ஒரு முறை நீர் குடிக்கச் செய்யுங்கள். உப்பிட்ட மோரும் கஞ்சித் தண்ணீரும் நல்லவை. சீனி மிகுந்த பானங்கள் வேண்டாம்.

4. சம்பானில் பெரிய குடையை விரிக்காதீர்கள். காற்று படகையே சாய்த்துவிடும்.

5. தலைவலி, குமட்டல், சோர்வு தெரிந்தால் உடனே கரைக்குத் திரும்புங்கள். பிள்ளை உளறினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடல் நெருப்பாகக் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு. 999-க்கு அழையுங்கள், காத்திருக்கும்போதே உடலை நீரால் நனைத்து விசிறுங்கள். நினைவு தெளியாத பிள்ளைக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

2023-ஆம் ஆண்டு வெப்பம் கடுமையானபோது, வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்திவைக்குமாறு கல்வி அமைச்சு பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. நாமும் திடலை மூடிவைத்தோம். வானிலைத் துறை 35 முதல் 37 பாகைவரையிலான வெப்பம் தொடர்ந்து மூன்று நாள்கள் நீடித்தாலே முதல்நிலை எச்சரிக்கை விடுக்கிறது. அந்த அளவு நிழலில் எடுக்கப்படுவது; திறந்த சம்பானில் நிழல் ஏது? திடலில் அவ்வளவு கவனமாக இருந்த நாம், விடுமுறையில் குளத்தின் நடுவில் அதை மறந்துவிடலாமா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு முந்திய வாரத்தில் மாணவர்களைக் காலையில் திடலுக்கு அழைத்துச் சென்று ஒருவர் நிழலை ஒருவர் அளக்கச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்கு ஒரு முறை, பதினொரு மணிக்கு ஒரு முறை. கணிதமும் அறிவியலும் ஒருங்கே நடக்கும். பிறகு, "நிழல் உன்னைவிடக் குட்டையானால் கரைக்கு வா" என்ற ஒரே வரியைச் சொல்லி அனுப்புங்கள். பெரியவர்கள் மறந்தாலும், படகில் இருக்கும் பிள்ளை நினைவுபடுத்தும்.

என் அக்காள் மகன் இப்போதும் என்னோடு மீன்பிடிக்க வருகிறான். விடிவதற்கு முன்பே கதவைத் தட்டுகிறான். அங்கியைக் கழற்றட்டுமா என்று அவன் கேட்பதில்லை. கேட்டாலும் நான் தலையாட்டப் போவதில்லை.