மாத்திப் பாத்துரலாம் சார்!

விட்டு விட்டு வர்ற எலக்ட்ரிகல் கோளாறுக்கு நம்மூர் ஒர்க்‌ஷாப்புகள்ல ஒரே மருந்துதான்: "மாத்திப் பாத்துரலாம் சார்."

எங்க வீட்டுப் பழைய பெட்ரோல் காருக்கும் ராஜபாளையத்துல இந்த வைத்தியம்தான் நடந்துச்சு. காலையில ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆகும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஓட்டிட்டுப் போய், ஆண்டாளைச் சேவிச்சுட்டு வந்து சாவியைத் திருகினா 'டக்'னு ஒரு சத்தம், அவ்ளோதான். அரைமணி ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும். முதல்ல பேட்டரி மாத்தினாங்க. அப்புறம் ஆல்டர்னேட்டர். (வண்டி ஓடும்போது பேட்டரி முனையில 14 வோல்ட் பக்கம் காட்டினா அது ஒழுங்கா சார்ஜ் பண்ணுதுன்னு அர்த்தம். அதைக்கூட யாரும் பார்க்கல!) எல்லாம் மாறுச்சு, கோளாறு மட்டும் மாறல.

கடைசியில சிக்கினது எஞ்சினுக்குப் போற எர்த் ஒயர். போல்ட்டுக்கு அடியில துரு. மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை எஞ்சின் பிளாக்லயும் வச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லணும். அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்தப் பாதையிலதான் தகராறு. சும்மா ஓம்ஸ்ல அளந்தா ஏமாத்திடும். ஒயர்ல நாலு இழை ஒட்டிக்கிட்டு இருந்தாலே மீட்டர் 'நல்லாருக்கு'ன்னு சொல்லும், ஆனா ஸ்டார்ட்டர் கேக்கற நூறு ஆம்பியருக்கு அந்த நாலு இழை பத்தாது. அதுவும் கோளாறு வர்ற நேரத்துல, சூட்டோட அளக்கணும். ஆறின வண்டியை ஓட்டிப் பார்த்துட்டு "எங்ககிட்ட நல்லாத்தானே ஓடுது"ன்னா என்ன அர்த்தம்?

இந்த வசனம் ஆளையே கொல்லும். 2014-ல ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் ஸ்விட்ச் கோளாறுக்காக சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சது. ஓடும்போதே சாவி நழுவும், எஞ்சின் நிக்கும், ஏர்பேக் விரியாது. கம்பெனி வச்ச நஷ்டஈட்டு நிதி ஏத்துக்கிட்ட சாவு மட்டும் 124. பத்து வருஷம் முன்னாடியே புகார் வந்திருக்கு. நடுவுல சத்தமில்லாம ஸ்விட்சை மாத்தினவங்க பார்ட் நம்பரை மாத்தல, விசாரிச்சவங்களே குழம்பிட்டாங்க.

பி.காம் கண்ணோட பில்லைப் பாருங்க. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரி இருக்கும், 'கண்டுபிடிச்சதுக்கு'ன்னு ஒரு வரி இருக்காது. "சும்மா பார்த்ததுக்கா முந்நூறு ரூபா?"ன்னு சண்டைக்குப் போற நாமதான் நாலாயிரம் ரூபா பேட்டரிக்கு வாயைத் திறக்காம எடுத்து நீட்டறோம். அப்புறம் மெக்கானிக் எதுக்கு மீட்டரைத் தொடணும்?

அடுத்த தடவை "மாத்திப் பாத்துரலாம்"னா, "அளந்தீங்களாண்ணே, எவ்ளோ காட்டுச்சு?"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா சாவியை வாங்கிட்டு வந்துருங்க.