மழை மேல் பழி போடாதீர்கள்

மழை பெய்தால் மலேரியா வரும், வெயில் எறித்தால் போய்விடும் என்று நம்மில் பலர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். இலங்கையில் இந்தக் கணக்கு மிக மோசமாகப் பிழைத்த ஆண்டு 1934.

அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றி, ஆற்று மணலில் அங்கங்கே குட்டைகள்தான் மிஞ்சின. மற்ற ஆண்டுகளில் பாய்ந்தோடும் வெள்ளம் நுளம்புக் குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும். அந்த ஆண்டு வெயில் படும் தெளிந்த குட்டைநீரில் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்பு பெருகியது. ஒக்டோபரில் கிளம்பிய காய்ச்சல் ஏழு மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. அதிகம் அடிபட்டது மலேரியாவுக்குப் பேர்போன உலர் வலயமா? இல்லை, கேகாலையும் குருநாகலும் அவற்றை அண்டிய ஊர்களும். இந்தக் காய்ச்சலுக்குப் பழகாத அந்த மக்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. விளைச்சலும் பொய்த்ததால் பசி வேறு. 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை.

அப்படியானால் வெப்பம்தான் காரணமா? அதுவும் அரைகுறைப் பேச்சு. ஏறத்தாழ 18 பாகைக்குக் கீழே நுளம்பின் உடலில் கிருமி முதிர்வதே அரிது. 25 பாகையை ஒட்டி நோய் நன்றாகப் பரவும். வெப்பம் மேலும் ஏறினால் நுளம்பின் ஆயுள் குறையும்.

மழைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஆபிரிக்காவின் சாஹேல் பகுதியில் மழை மாதங்களில்தான் சிறுபிள்ளைகளை மலேரியா வாட்டுகிறது. அங்கே மழையைத் திட்டிக்கொண்டு இருக்கவில்லை. அந்த மாதங்களில் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் இதை 2012இல் பரிந்துரைத்தது. காலநிலையை அறிவது இப்படி முந்திக்கொள்வதற்குத்தான். பழியைப் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்பதற்கல்ல.

2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நுளம்பு முதன்முறையாகப் பிடிபட்டது. அதற்கு ஆறும் மழையும் வேண்டாம். வீட்டுக் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும். வறட்சியில் நாம் சேமித்து வைக்கும் நீரே அதற்குத் தொட்டில்.

வெயில் காலம்தானே என்று இருந்துவிடாதீர்கள். கிணற்றையும் தொட்டியையும் வலையிட்டு மூடுங்கள். மலேரியா உள்ள நாட்டுக்குப் போய்வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், எந்தப் பருவமானாலும் அன்றே இரத்தம் சோதியுங்கள்.